அரிஸ்டாட்டிலை நான்கு பக்கத்தில் முடித்துவிட்ட பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பாடத்திட்டக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

கடந்த பருவத் தேர்வின் அறவியல் தாளில், ஒரு மதிப்பெண் பகுதியில், "அரிஸ்டாட்டிலின் கருத்துப்படி இயற்கை நீதி எத்தகையது?" என்று ஒரு வினா கேட்கப்பட்டிருந்தது. கொடுக்கப்பட்ட நான்கு விடைகளில் 'என்றும் மாறாதது' என்பதே சரி என்கிறது உங்கள் விடைக் குறிப்பு. என் வகுப்பு மாணவி ஒருத்தி 'எங்கும் ஒரே வலிமை உடையது, ஆயினும் மனிதரிடையே மாறத்தக்கது' என்ற விடையைத் தேர்ந்தாள். அவளுக்கு மதிப்பெண் இல்லை. மறுமதிப்பீட்டுக்குக் கட்டணம் கட்டி, அரிஸ்டாட்டிலின் படைப்பான நிகோமாக்கிய அறவியலின் ஐந்தாம் நூல் ஏழாம் அதிகாரத்தின் நகலையும் இணைத்து விண்ணப்பித்தாள். 'விடைக் குறிப்பின்படி மாற்றமில்லை' என்ற ஒற்றை வரிப் பதில் வந்தது. அரிஸ்டாட்டில் எழுதியது எதுவோ அதையே எழுதியவளுக்கு அந்தப் பதில் கிடைத்தது.

அதே மாதத்தில் புதிய பாடத்திட்டமும் வெளியானது. நிகோமாக்கிய அறவியலிலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகளை ஐந்து வாரம் வகுப்பில் வரிவரியாகப் படிக்கும் முறை அதில் நீக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பதிலாக நான்கு பக்கத் தொகுப்புரை ஒன்று வந்திருக்கிறது. நான் 22 ஆண்டுகளாகத் தத்துவம் கற்பிக்கிறேன். அவற்றில் 14 ஆண்டுகள் இந்தத் தாளை நடத்தியிருக்கிறேன். அந்த நான்கு பக்கங்களைப் பலமுறை படித்துப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். அவற்றை வைத்துக்கொண்டு இந்தத் தாளை நேர்மையாக நடத்த என்னால் முடியாது. காரணங்களை மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டே சொல்கிறேன்.

மாணவி எழுதிய விடையிலிருந்து தொடங்குகிறேன். அரசில் நிலவும் நீதி இரு வகைப்படும் என்கிறார் அரிஸ்டாட்டில்: ஒன்று இயற்கையானது, மற்றது சட்டத்தால் ஆனது. இயற்கையானது, மக்கள் அப்படி நினைக்கிறார்களா இல்லையா என்பதைச் சார்ந்திராமல் எங்கும் ஒரே வலிமை உடையது. சட்டத்தால் ஆனதோ, தொடக்கத்தில் எப்படி இருந்தாலும் வேறுபாடில்லாதது. ஒருமுறை விதித்துவிட்டபின் மட்டுமே வேறுபாடுள்ளதாகிறது. போர்க்கைதியின் மீட்புத் தொகை ஒரு மினா (கிரேக்கப் பண அளவு) என்பதும், பலியிட வேண்டியது ஒரு வெள்ளாடே, இரண்டு செம்மறிகள் அல்ல என்பதும் அவர் தரும் எடுத்துக்காட்டுகள். பிறகு தனக்கு எதிரான வாதத்தைத் தானே எடுத்து வைக்கிறார். நெருப்பு இங்கும் எரிகிறது, பாரசீகத்திலும் எரிகிறது; ஆனால் நீதி என்று சொல்லப்படுபவை மாறிக்கொண்டே இருப்பதைக் காண்கிறோம்; ஆகவே நீதி எல்லாமே மனிதர் செய்துகொண்ட ஏற்பாடுதான் என்று சிலர் கருதுகிறார்கள். இதற்கு அவர் தரும் பதில்தான் அந்த அதிகாரத்தின் உயிர். அது முற்றிலும் சரியன்று, ஒரு வகையில் சரி என்கிறார். தேவர்களிடம் ஒருவேளை மாற்றமே இல்லாதிருக்கலாம். நம்மிடையேயோ இயற்கையானது என ஒன்று உண்டு, ஆனாலும் அது மாறத்தக்கதே. வலக்கை இயற்கையிலேயே வலிமை மிக்கது. ஆயினும் எல்லோரும் இரு கைகளையும் ஒருபோலப் பழக்கிக்கொள்ள முடியும் என்று அதற்கு உவமை சொல்கிறார்.

இந்த உவமையை நடத்தும் வாரத்தில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை, வகுப்பின் முதல் ஐந்து நிமிடம், எல்லோரும் தத்தம் பெயரையும் ஒரு வாக்கியத்தையும் இடக்கையால் எழுத வேண்டும். முதல் நாள் எழுத்துகள் கோணிக் கிடக்கும். 'ழ' எழுத முடியாமல் பாதியில் நிறுத்துவார்கள். வெள்ளிக்கிழமை அதே 'ழ' ஓரளவு நிமிர்ந்து நிற்கும். முன்பு ஒரு வகுப்பில் பிறவியிலேயே இடக்கைப் பழக்கமுள்ள மாணவன் ஒருவன் எழுந்து, "அப்படியென்றால் என் கை இயற்கைக்கு மாறானதா, சார்?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்வியில் மீதி வகுப்பு முழுவதும் ஓடியது. இயற்கை என்றால் பெரும்பாலும் நிகழ்வது என்று பொருளா, விதிவிலக்கே இல்லாமல் நிகழ்வது என்று பொருளா? மாறக்கூடிய ஒன்றை இயற்கை என்று சொல்ல முடியுமா? இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளாக உரையாசிரியர்கள் மல்லுக்கட்டும் கேள்வியை 19 வயதுப் பையன் ஒருவன் தன் கையிலிருந்தே கேட்டான். உங்கள் தொகுப்புரையில் வலக்கையும் இல்லை, நெருப்பும் இல்லை, பாரசீகமும் இல்லை. 'இயற்கை நீதி மாறாதது' என்ற ஒரு வரி மட்டும் இருக்கிறது.

அந்த வரி எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்தேன். உண்மையான சட்டம் என்பது இயற்கையோடு இயைந்த செம்மையான அறிவு, அது நிலையானது, மாறாதது, ரோமில் ஒன்று ஏதென்ஸில் வேறொன்று என்று இராது என்று எழுதியவர் சிசரோ. அரிஸ்டாட்டில் கி.மு. 322இல் இறந்தார், சிசரோ அதை எழுதியது அதற்கு ஏறத்தாழ 270 ஆண்டுகளுக்குப் பிறகு, இடையில் தோன்றி வளர்ந்த, இயற்கையோடு இயைந்து வாழ்வதே அறம் என்ற ஸ்டோயிக் மரபின் செல்வாக்கில். ஆக, உங்கள் விடைக் குறிப்பில் உள்ள விடை ரோமானியச் சிந்தனையாளர் ஒருவருடையது; கேள்வியில் உள்ள பெயரோ கிரேக்கருடையது. பிந்தைய மரபை முந்தையவர் தலையில் ஏற்றிவிட்டால் ஒரு கருத்து எப்படி வளர்ந்தது, எந்த இடத்தில் திரும்பியது என்பதை மாணவர் எப்படித் தெரிந்துகொள்வார்? 13ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டிலின் இந்நூலுக்கு உரை எழுதிய தாமஸ் அக்வினாஸ், தம் பெருநூலில் இயற்கைச் சட்டம் மாறுமா என்பதைத் தனியொரு வினாவாகவே எழுப்பி, முதற்கோட்பாடுகள் மாறா, ஆனால் புதியன சேர்வதுண்டு, சில குறிப்பிட்ட நிலைகளில் விலகலும் உண்டு என்று பிரித்துப் பிரித்துப் பதில் சொல்கிறார். அக்வினாஸே ஒரு வரியில் முடிக்கத் துணியாத கேள்வி அது.

தொகுப்புரை அரிஸ்டாட்டிலை 'இயற்கைச் சட்டத்தின் தந்தை' என்றும் சொல்கிறது. அதற்குச் சான்றாக, பேச்சுக்கலை பற்றிய அவரது நூலில் அவர் ஆண்டிகனியை மேற்கோள் காட்டுவதைக் குறிப்பிடுகிறது. மேற்கோள் உண்மைதான். எல்லோருக்கும் பொதுவான, இயற்கைக்கு ஏற்ற சட்டம் ஒன்று உண்டு என்று சொல்லி, அரசனின் தடையை மீறி அண்ணனை அடக்கம் செய்த சோபோக்ளிஸின் நாடகத்து ஆண்டிகனியை அவர் அங்கே நிறுத்துகிறார்; அந்தச் சட்டம் இன்றோ நேற்றோ வந்ததல்ல, என்றும் வாழ்வது என்ற அவள் சொற்களையும் தருகிறார். ஆனால் இரண்டு அதிகாரம் தள்ளிப் படித்தால் அவரே வழக்காடுபவருக்கு ஆலோசனை சொல்கிறார்: எழுதப்பட்ட சட்டம் உங்கள் வழக்குக்கு எதிராக இருந்தால் பொதுச் சட்டத்தைத் துணைக்கு அழையுங்கள், சாதகமாக இருந்தால் எழுதப்பட்ட சட்டத்தையே வலியுறுத்துங்கள். அப்படியானால் ஆண்டிகனியின் சொற்கள் அவருடைய சொந்த நம்பிக்கையா, வழக்கு மன்றத்தில் பயன்படும் வாதமா? நேர்மையான அறிஞர்கள் இரு பக்கமும் நிற்கிறார்கள். அந்த விவாதத்துக்குள் மாணவரை அழைத்துச் செல்வதுதான் எங்கள் வேலை. தந்தை என்று பட்டம் சூட்டிவிட்டால் அந்தக் கதவு அடைபட்டுவிடுகிறது.

இனி, சொற்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மிகைக்கும் குறைக்கும் இடைப்பட்ட நிலையைக் குறிக்க அரிஸ்டாட்டில் கூறும் 'மெஸோட்டிஸ்' என்பதைத் தொகுப்புரை 'நடுவுநிலைமை' என்று மொழிபெயர்த்திருக்கிறது. தமிழ் படித்த எவருக்கும் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் குறளின் பன்னிரண்டாம் அதிகாரமும், ஒருபால் கோடாத துலாக்கோலும்தான் நினைவுக்கு வரும். அங்கே அது பக்கச் சார்பின்மை. அரிஸ்டாட்டில் சொல்வது வேறு. பத்து மினா (இங்கே எடை அளவு) உணவு மிகை, இரண்டு மினா குறை என்பதால் பயிற்சியாளர் எல்லோருக்கும் ஆறு மினா அளந்துவிட மாட்டார். மல்லன் மைலோவுக்கு அது போதாது, பயிற்சியை இப்போதுதான் தொடங்குபவனுக்கு அது அதிகம். உரிய நேரத்தில், உரியவரிடம், உரிய காரணத்துக்காக, உரிய முறையில் கோபப்படுவதே கோபத்தில் உள்ள நடு. யாரிடமும் கோபமே படாதவரை அவர் புகழவில்லை. களவு, கொலை, பிறன்மனை நயத்தல் போன்றவற்றில் நடு என்பதே கிடையாது, அவை எப்போதும் தவறே என்றும் நிகோமாக்கிய அறவியலின் இரண்டாம் நூல் ஆறாம் அதிகாரத்தில் தெளிவாகச் சொல்கிறார். 'எதிலும் மிதமாக இருப்பதே அறம் என்று அரிஸ்டாட்டில் கூறினார்' என்று ஒவ்வொரு பருவத்திலும் விடைத்தாள்களில் படிக்கிறேன். பிழை மாணவர்களுடையது என்று இனி என்னால் சொல்ல முடியாது, ஏனென்றால் உங்கள் தொகுப்புரையிலேயே அந்த வாக்கியம் இருக்கிறது. 'இயற்கை நீதி' என்ற தொடருக்கும் இதே இடர் உண்டு. நம் நீதிமன்றங்களில் அது ஒருவரின் தரப்பைக் கேட்காமல் தீர்ப்பளிக்கக் கூடாது, தன் வழக்குக்குத் தானே நடுவராக இருக்கக் கூடாது என்னும் நடைமுறை நெறிகளைக் குறிக்கிறது. சட்டம் பயிலும் மாணவர்களும் எடுக்கும் தாளில் இந்த வேறுபாட்டை விளக்கும் ஒரு அடிக்குறிப்பாவது வேண்டாமா?

என்னை மிகவும் வருத்தியது அடிமை முறை பற்றிய பகுதி காணாமல் போனதுதான். முந்தைய பாடத்திட்டத்தில் 'அரசியல்' நூலின் முதல் நூலிலிருந்து இரண்டு அதிகாரங்கள் இருந்தன. புதியதில் ஒரு வரிகூட இல்லை. மாணவர் மனம் புண்படும் என்று கருதி நீக்கியதாகக் கூட்டக் குறிப்பில் படித்தேன். உங்கள் நல்லெண்ணத்தை நான் ஐயப்படவில்லை. ஆனால் சிலர் இயற்கையிலேயே அடிமைகள், ஆளப்படுவதே அவர்களுக்கு நன்மை என்று எழுதியவரும் இதே அரிஸ்டாட்டில்தான். பெண்ணுக்குச் சிந்தித்து முடிவெடுக்கும் ஆற்றல் உண்டு, ஆனால் அதற்கு அதிகாரம் இல்லை என்று எழுதியவரும் அவரே. இயற்கை என்ற சொல்லை நீதிக்கு அடித்தளமாக வைக்கும்போது எத்தகைய ஆபத்து நேரலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எங்கும் கிடையாது. 1550இல் ஸ்பெயினின் வல்லதோலித் நகரில், அமெரிக்கப் பழங்குடிகளை வென்று அடக்குவது முறையா என்ற விவாதம் நடந்தபோது, முறையே என்று வாதாடிய செபுல்வேதா கையில் எடுத்தது இந்தப் பக்கங்களைத்தான். பழங்குடிகளுக்காக வாதாடிய லாஸ் காசஸ் அந்தப் பக்கங்களோடுதான் போராட வேண்டியிருந்தது.

ஒருமுறை இந்தப் பகுதியை வகுப்பில் வாசித்து முடித்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் சொன்னான்: "எங்க தாத்தாவையும் இப்படித்தான் சொன்னாங்க, சார். பொறந்ததே அந்த வேலைக்குத்தான்னு." அதற்குமேல் அவன் பேசவில்லை. வகுப்பில் யாரும் சிறிது நேரம் பேசவில்லை. அவன் மனம் புண்படாமல் இருந்திருக்குமா என்றால் இருந்திராது. ஆனால் அடுத்த வாரம் அவனே நூலகத்திலிருந்து புத்தகத்தை எடுத்து வந்து, பென்சிலால் கோடிட்ட ஒரு வரியைக் காட்டினான். சுதந்திர மனிதரின் உடலையும் அடிமையின் உடலையும் வேறுபடுத்திப் படைக்கவே இயற்கை விரும்புகிறது, ஆனால் பல நேரங்களில் நேர்மாறாகவே நடந்துவிடுகிறது என்று அரிஸ்டாட்டிலே ஒப்புக்கொள்ளும் வரி அது. "இங்கேயே இவரோட வாதம் உடைஞ்சு போச்சு, சார்," என்றான். ஓர் ஆசிரியன் இதைவிட வேறென்ன கேட்க முடியும்?

உடைப்பு அந்த ஒரு வரியோடு நிற்கவில்லை. நிகோமாக்கிய அறவியலின் எட்டாம் நூலில் அடிமையை உயிருள்ள கருவி என்று சொல்லிவிட்டு, அடிமை என்ற முறையில் அவனோடு நட்பு இயலாது, ஆனால் மனிதன் என்ற முறையில் இயலும் என்கிறார். சட்டத்திலும் உடன்பாட்டிலும் பங்கேற்கக்கூடிய எந்த மனிதனுக்கும் மற்ற ஒவ்வொரு மனிதனுக்கும் இடையே ஏதோ ஒரு நீதி இருப்பதாகத் தோன்றுகிறது என்பது அதற்கு அவர் கூறும் காரணம். இயற்கை அடிமை என்ற கொள்கையை அவருடைய சொந்த வரியே இங்கு அரித்துவிடுகிறது. 'அரசியல்' நூலின் ஏழாம் நூலில் எல்லா அடிமைகளுக்கும் விடுதலையைப் பரிசாக முன்வைப்பது நல்லது என்கிறார். பண்டைய தத்துவ ஆசிரியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய டயோஜினஸ் லேயர்ஷியஸ் பதிவுசெய்து வைத்திருக்கும் அவரது உயிலில், தமக்குப் பணி செய்த இளையோர் எவரையும் விற்கக் கூடாது, உரிய வயது வந்ததும் தகுதிக்கேற்ப விடுதலை செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறது. இவற்றால் அவர் குற்றம் நீங்கிவிடாது. நீங்கிவிடும் என்று நான் கற்பிப்பதுமில்லை. தாம் வாழ்ந்த சமுதாயத்தின் அநீதியை இயற்கை என்று பெயரிட்டுக் காத்த ஒரு பெரிய அறிவு, தன் கண்ணில் படும் உண்மைகளால் அதே இடத்தில் தடுமாறுவதையும் மாணவர்கள் முழுதாகப் பார்க்கட்டும். அந்தப் பக்கங்களை மறைத்துவிட்டு அவரைக் குற்றமற்றவராக நிறுத்துவதால் அவருக்கும் மரியாதை இல்லை, அந்த மாணவனின் தாத்தாவுக்கும் மரியாதை இல்லை.

நேரமில்லை என்பதும், போட்டித் தேர்வுகளுக்குச் சுருக்கமான குறிப்புகளே உதவும் என்பதும் குழுவின் தரப்பில் சொல்லப்பட்ட காரணங்கள். குடிமைப் பணித் தேர்வில் 2013 முதல் அறவியலுக்கென்று 250 மதிப்பெண்ணுக்கு ஒரு தனித்தாள் இருப்பதையும், நம் மாணவர் பலர் அதற்குத் தயாராகிறார்கள் என்பதையும் நான் அறிவேன். ஆனால் அந்தத் தாளில் பாதியளவு, ஒரு சூழலைக் கொடுத்து, நீங்கள் அந்த அதிகாரியாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பது. அதற்கு மனப்பாடம் உதவாது. பொது விதியைக் குறிப்பிட்ட சூழலுக்குப் பொருத்திப் பார்க்கும் விவேகத்தை அரிஸ்டாட்டில் ஆறாம் நூலில் விரிவாகப் பேசுகிறார். இளைஞர்கள் கணிதத்தில் தேர்ச்சி பெற்றுவிடலாம், விவேகமோ அனுபவத்தால்தான் வரும் என்றும் அங்கேயே சொல்கிறார். மூலத்தை வைத்துக்கொண்டு வகுப்பில் தர்க்கம் செய்வதே அந்த அனுபவத்தின் தொடக்கம்.

மறுமதிப்பீட்டுப் பதிலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஐந்தாம் நூலின் பத்தாம் அதிகாரத்தில் லெஸ்பாஸ் தீவின் கட்டடக்காரர்கள் பயன்படுத்திய ஈய அளவுகோலை அவர் காட்டுகிறார். அது விறைத்து நிற்காமல் கல்லின் வடிவத்துக்கேற்ப வளைந்து அளக்கும். சட்டம் பொதுவாகப் பேசுவதால் சில நேர்வுகளில் தவறிவிடும். அப்போது சட்டத்தை இயற்றியவரே அங்கே இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ அதைக் கொண்டு திருத்துவதுதான் செப்பம் என்கிறார். மாணவி விண்ணப்பத்தோடு இணைத்திருந்த நகல் நான்கு தாள்கள். அவற்றில் ஏழாம் அதிகாரத்தின் ஓரத்தில் 'மாறத்தக்கது' என்ற சொல்லை அடிக்கோடிட்டு, அரிஸ்டாட்டிலின் நூல்களைப் பெக்கர் 1831இல் பதிப்பித்ததன் பக்க எண்ணையும் எழுதியிருந்தாள். அதை ஒருவர் புரட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். எவரும் பார்த்ததற்கான அடையாளம் அந்தப் பதிலில் இல்லை.

ஆகவே குழுவிடம் நான் கேட்பவை இவை. அந்த வினாவுக்கான விடைக் குறிப்பைத் திருத்தி, மாறத்தக்கது என்று எழுதிய மாணவர்கள் அனைவருக்கும், மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டாதவர்களுக்கும் சேர்த்து, மதிப்பெண் வழங்குங்கள். கட்டியவர்களுக்குக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுங்கள். நிகோமாக்கிய அறவியலின் இரண்டாம் நூல் ஆறாம் அதிகாரம், ஐந்தாம் நூலின் ஏழாம், பத்தாம் அதிகாரங்கள், எட்டாம் நூலின் பதினோராம் அதிகாரம் ஆகியவற்றை மூலப் பகுதிகளாகப் பாடத்திட்டத்தில் மீண்டும் சேருங்கள். ஐந்து வாரம் இயலாது என்றால் மூன்று வாரம் தாருங்கள். அதற்குள் நடத்திக் காட்டுகிறோம். 'அரசியல்' நூலின் அடிமை முறைப் பகுதியை, அதற்கு எதிரான வாதங்களோடு சேர்த்து, திரும்பக் கொண்டு வாருங்கள். தொகுப்புரையை வைத்துக்கொள்வதானால் 'இயற்கைச் சட்டத்தின் தந்தை', 'எதிலும் மிதம்' ஆகிய தொடர்களை நீக்கி, 'நடுவுநிலைமை' என்பதற்குப் பதிலாக 'இடைநிலை' என்றோ 'நடு' என்றோ வையுங்கள். இனி மறுமதிப்பீட்டு விண்ணப்பத்தோடு மூலச் சான்று இணைக்கப்பட்டிருந்தால், பாடம் அறிந்த இருவர் அதைப் படித்து, ஏற்கவோ மறுக்கவோ காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று விதி செய்யுங்கள்.

அடுத்த பருவத்துக்கான பாடநூல் அச்சுக்குப் போகுமுன் குழு ஒருமுறை கூடும் என்று அறிகிறேன். அந்தக் கூட்டத்தில் இந்த மடலை வைத்து, முடிவை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். மேலே சொன்ன நான்கு அதிகாரங்களையும் மூன்று ஆங்கில மொழிபெயர்ப்புகளோடு ஒப்பிட்டு நான் தமிழில் செய்து வைத்த படி 31 பக்கம் வருகிறது. வகுப்புக்காகச் செய்தது, எந்த ஊதியமும் எதிர்பார்க்கவில்லை. குழு கேட்டால் மறுநாளே நேரில் கொண்டு வந்து கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
இந்தத் தாளைக் கற்பிக்கும் தத்துவ ஆசிரியன்